தௌசிப்பின் முழு வாக்கியங்கள்

அத்தியாயம் ஒன்பது

தௌசிப் பேச ஆரம்பித்து அன்றோடு பத்தொன்பது நாள்.

மூன்றே முக்கால் வயது வரை ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளை. அம்மாவைக் கூப்பிடும் 'அம்மி' கிடையாது, 'பால்' கிடையாது. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவான். அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருக்கோவிலூர் தாய் வீட்டிலிருந்து திரும்பி வந்த அவன் அம்மா பாயிஸாவின் முகத்தைப் பார்த்து வாய் திறந்தான்.

"பயப்படாத ராசா. நான் இங்கதான இருக்கறன்."

வீடே கொண்டாடியது. மாமனார் ஷேக் பரீத் தெரு முழுக்க அல்வா கொடுத்தார். கள்ளக்குறிச்சியில் அவருக்குப் பெரிய புளி மண்டி. வந்த வியாபாரிகளுக்கெல்லாம் பேரன் பேசிய செய்தியைச் சொன்னார்.

சில நாள் கழித்துத்தான் பாயிஸா கவனித்தாள். தௌசிப் பேசியது எல்லாமே முழு வாக்கியங்கள். தனிச் சொல் ஒன்றுகூட இல்லை. தாகம் எடுத்தால், "தண்ணி குடு ராசா" என்பான். தன்னையே ராசா என்று கூப்பிட்டுக்கொள்வது போல இருக்கும். பேசும்போது குரல் தாழும். வாக்கியத்துக்கு நடுவில் ஒரு மூச்சு வாங்கும். நாலு வயதுகூட ஆகாத பிள்ளைக்கு எங்கிருந்து அப்படி மூச்சு வாங்குகிறது?

அதற்கு நேற்று பதில் கிடைத்தது. மண்டியில் மூட்டை தூக்கும் இருசப்பன், பின்னால் இருந்து தௌசிப் பேசியதைக் கேட்டுத் தோளிலிருந்த மூட்டையைக் கீழே போட்டுவிட்டான்.

"இது தைலம்மா பேச்சு," என்றான். "தைலம்மாவுக்கு மூச்சிழுப்பு, இப்பிடித்தான் பேசும்."

மண்டியில் புளி தட்டிய தைலம்மாள் இறந்த பிறகுதான் தௌசிப் பேசவே ஆரம்பித்திருந்தான்.

*

வெள்ளிக்கிழமை காலை. ஷேக் பரீத் சாயாவை ஆற்றிக்கொண்டே முடிவைச் சொன்னார்.

"சாயந்திரம் மக்ரிப் தொழுதுட்டு வந்ததும் கார் வருது. நாகப்பட்டினம் பக்கம் நம்ம காதர் ஹஜ்ரத் வூட்ல தௌசிப்ப விட்டுட்டு வரப்போறோம். நாப்பது நாளு ஓதுவாரு."

"நானும் வரேன் மாமா," என்றாள் பாயிஸா.

"தாய் கூட இருக்கக் கூடாதாம்."

"ஹஜ்ரத் சொன்னாரா?"

ஷேக் பரீத் டம்ளரைக் கீழே வைத்தார். மடியில் ஏறிய பேரனின் தலையைத் தடவினார். பாயிஸாவின் கணவன் ஜுனைத்தின் அக்கா ருக்ஷானா, அலமாரியிலிருந்து குழந்தையின் சட்டைகளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் பாஷையில கொஞ்சிக்கினு இருந்ததாலதான் புள்ள ஊமையா கெடந்தான்," என்றாள் ருக்ஷானா. "அத நிறுத்தினோம், பேசினான். இப்ப அதுல வேற ஏதோ ஏறிக்கிச்சு. எறக்கிட்டா சரியாப்பூடும். நாப்பது நாளு நீ நிம்மதியா தூங்கேன்."

பாயிஸாவின் தாய் வீட்டில் உருது. புகுந்த வீட்டில் தமிழ். தௌசிப்புக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வராதபோது, ஷேக் பரீத் ஒரு சட்டம் போட்டார். ரெண்டு பாஷை போட்டுப் புள்ளயக் குழப்புறோம், இனிமே இந்த வூட்ல ஒரே பாஷை.

பாயிஸா தமிழில் படித்தவள். தமிழில் பேரம் பேசுவாள், சண்டை போடுவாள். ஆனால் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு தமிழில் பேச அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அவளை யாரும் தமிழில் கொஞ்சியதில்லை. ஒவ்வொரு சொல்லும் கடையில் பேசுகிற சொல்லாகவே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவள் பேச்சை விட்டாள். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், தூங்க வைத்தாள். எல்லாம் மௌனமாக. ஒன்றரை வருடத்துக்கு மேல்.

பகலில் தௌசிப் மண்டியில் இருப்பான். ருக்ஷானா மண்டிக் கணக்கு பார்க்கப் போகும்போது அவனைத் தூக்கிக்கொண்டு போவாள். பின்பக்கக் குடோனில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டுவார்கள். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். அவர்களில் மலையிலிருந்து வந்து சீசன் முழுக்கக் குடோனிலேயே தங்கி வேலை செய்பவள் தைலம்மாள் ஒருத்திதான். அவள் பக்கத்தில் தௌசிப்பை விட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்மா நேரத்தில் மண்டி மூடும். உள்ளூர்ப் பெண்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தைலம்மாள் உள்ளேயே படுப்பாள். மூட்டை திருட்டுக்குப் பயந்து வெளியே பூட்டுப் போட்டு, தொழுகை முடிந்ததும் திறப்பார்கள். வருடக்கணக்காக அப்படித்தான்.

இதெல்லாம் பாயிஸாவுக்குக் கேள்விப்பட்ட செய்திகள். மருமகள் மண்டிக்குப் போகிற வழக்கம் இல்லை. நேற்றுத்தான் முதல் தடவை போனாள்.

கணவன் ஜுனைத் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். பாயிஸா வாசலுக்குப் போனாள்.

"தைலம்மா எப்பிடிங்க செத்தாங்க?"

"மொதல்லயே சொன்னேனே. ஒடம்பு சரியில்லன்னாங்க. வண்டியில ஏத்திக்கினு வெள்ளிமலைக்குப் போனேன். மலை ஏறும்போதே மூச்சு நின்னுடுச்சு."

நேற்று இரவும் இதையேதான் சொன்னான். அதே சொற்கள், அதே வரிசை. முகத்தைப் பார்க்காமல் சொன்னதும் அதே மாதிரி.

பையனும் அப்பனும் ஒரே விதமாகப் பேசுகிறார்கள் என்று பாயிஸாவுக்கு அந்த நேரத்தில் தோன்றியது.

"புள்ளைக்கு ரெண்டு பனியன் வாங்கிக்கினு வரேன்," என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, தௌசிப்பை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தாள். ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

*

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மலர்விழிக்குப் பாயிஸாவைவிட வயது குறைவு. பெரிய மூக்குக் கண்ணாடி. குழந்தைகளுக்கான அறையில் தரையில்தான் உட்காருவாள். பாயிஸா இதற்கு முன் வீட்டுக்குத் தெரியாமல் இரண்டு தடவை வந்திருக்கிறாள்.

"கதவ மட்டும் சாத்திட்டு வாங்கக்கா, பக்கத்து ரூம்ல ஒரு வாலு கத்திக்கினு இருக்கான்," என்றாள் மலர்விழி.

பாயிஸா கதவைச் சாத்தினாள்.

தௌசிப் கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்தான். எழுந்து கதவிடம் போனான். இரண்டு உள்ளங்கைகளாலும் தட்டினான்.

"கதவத் தட்டு ராசா," என்றான், அந்தத் தாழ்ந்த குரலில். "பலமா தட்டு." பலமாகத் தட்டினான். "யாரனா இருக்கீங்களாம்மா."

கதவில் காதை வைத்துக் கேட்டான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு திரும்பி, யாரும் இல்லாத சுவர் ஓரத்தைப் பார்த்தான்.

"அழாத சாமி. மணி வந்துடுவா. அது வரிக்கும் அழாத."

அவன் அழவில்லை. அழுததாகவே தெரியவில்லை.

மலர்விழி எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தாள். தௌசிப் உடனே திரும்பி வந்து பொம்மையை எடுத்தான். ஒன்றுமே நடக்காதது போல.

"வூட்ல பேய்ன்றாங்க," என்றாள் பாயிஸா.

"பேய்க்கு வேற வேலை இல்லியா? அங்கன்வாடிக்குப் போற வயசுப் புள்ளைகிட்ட வந்து கதவத் தட்டச் சொல்லுதா?" மலர்விழி சிரித்தாள். ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அக்கா, லேட்டா பேசற புள்ளைங்க பொதுவா எப்பிடிப் போவும்னு சொல்றேன். மொதல்ல ஒத்தச் சொல்லு. பால், பூன, போ. அப்பால ரெண்ட ஒட்டுங்க. 'பூன போ.' வந்துச்சா, வருதா, வருமா, அந்த வாலெல்லாம் பின்னாடி வந்து ஒட்டும். ஆரம்பிக்கறது லேட்டானாலும் பெரும்பாலும் வரிசை மாறாது."

"இவனுக்கு மாறிடுச்சே."

"சில புள்ளைங்க இப்பிடி. முழு வாக்கியத்த மெல்லாம முழுங்கிடுங்க. உள்ள எத்தன சொல்லு இருக்கு, எது எங்க பிரியும், ஒண்ணும் தெரியாது. எந்த நேரத்துல அதக் கேட்டுச்சோ, அதே மாதிரி நேரம் வந்தா அப்பிடியே வெளிய வந்துடும். வியாதி இல்லக்கா. இன்னொரு வழி, அவ்வளவுதான். அப்பால ஒடைக்கும். ஒடைச்ச துண்ட வெச்சு சொந்தமா ஒண்ணு கட்டும்."

"எப்பத் தெரியும்?"

"யாருமே அவன்கிட்ட சொல்லாத ஒண்ண அவன் சொல்லும்போது. தப்பு தப்பா இருந்தாலும் பரவால்ல. அன்னிக்கி எனக்கு போன் பண்ணுங்க, நடுராத்திரியானாலும் சரி."

மலர்விழி கதவைப் பார்த்தாள்.

"ஆனா இந்த வாக்கியமெல்லாம் யாரோ ஒருத்தர் அவன்கிட்ட நெசமா சொன்னது. தானா உண்டாகாது. சாத்தின கதவு. இவனும் பயந்திருக்கான், அவங்களும் பயந்திருக்காங்க. யாருன்னு கேட்டுப் பாருங்கக்கா."

"அவங்க செத்துட்டாங்க."

"எப்ப?"

"இவன் பேசறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை."

மலர்விழி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு, "வூட்ல நீங்க அவன்கிட்ட என்ன பேசுவீங்க?" என்று கேட்டாள்.

பாயிஸா சட்டத்தைச் சொன்னாள். ஒரே பாஷை.

"ரெண்டு பாஷை கேட்டு எந்தப் புள்ளைக்கும் பேச்சு நின்னு போவாது," என்றாள் மலர்விழி. அவள் குரல் முதல் தடவையாகச் சூடாக இருந்தது. "உங்களுக்கு எதுல கொஞ்ச வருதோ அதுல பேசணும். நீங்க பேசாம விட்டீங்க. பகல் பூரா அவன்கிட்ட பேசின ஒரே ஆள் அந்தம்மா. அதான் அவங்க குரல்."

"இன்னிக்கி சாயந்திரம் அவன நாகப்பட்டினம் கொண்டுபோயிடுவாங்க. நாப்பது நாளு. நான் கூடப் போவக் கூடாது."

"அப்ப அங்க யார் இருக்காங்களோ அவங்க வாக்கியத்தோட திரும்பி வருவான்," என்றாள் மலர்விழி. "கதவு மட்டும் அப்பிடியே உள்ள இருக்கும். உங்ககிட்ட அவன் எப்பத்தான் பேசறது?"

வெளியே வந்ததும் பாயிஸா பேருந்து நிலையத்தின் பக்கம் நடந்தாள். மணி யார் என்று அவளுக்குத் தெரியும். நேற்று இருசப்பன் சொல்லியிருந்தான். தைலம்மாவுக்கு ஒரே பெண். மணிமொழி. வெள்ளிமலைக்கு அந்தாண்ட.

*

"வெள்ளிமலையா? புள்ளைக்கு மலை ஏறினா வாந்தி வரும், ஜன்னல் பக்கம் ஒக்காருங்க," என்றார் கண்டக்டர். "பின்னாடி ஒக்காந்தா நீங்களே எடுப்பீங்க."

கச்சிராயபாளையம் வரைக்கும் செல்போன் மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. நான்காவது தடவை எடுத்தாள்.

"எங்க இருக்க?" என்றான் ஜுனைத்.

"பஸ்ல. தைலம்மா வூட்டுக்குப் போய்க்கினு இருக்கேன்."

எதிர்முனையில் மண்டி இரைச்சல் கேட்டது. யாரோ எடை சொன்னார்கள். ஜுனைத் ஒன்றும் சொல்லாமல் துண்டித்துவிட்டான்.

ஏன் என்று கேட்காமல், திட்டாமல், துண்டித்தது அவளுக்கு மிகவும் பயமாக இருந்தது.

கோமுகி அணையைத் தாண்டியதும் மலைப்பாதை. வளைவுகளில் மரங்கள் இரண்டு பக்கமும் சாய்ந்து வெயிலை மறைத்தன. பேருந்துக்குள் திடீரென்று இருட்டு. தௌசிப் அவள் தோளை இறுகப் பிடித்தான்.

"பயப்படாத ராசா," என்றான் அந்தக் குரலில். "நான் இங்கதான இருக்கறன்."

முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தாள். குழந்தை பேசியதென்று அவளுக்குத் தெரியவில்லை. பாயிஸாவைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

பாயிஸா அவன் காதருகே குனிந்தாள். ஒன்றரை வருடமாகத் தொண்டையில் நின்றிருந்தது தானாக வந்தது.

"டரோ நக்கோ, பேட்டா." பயப்படாதே என்று அவள் அம்மா அவளுக்குச் சொல்லும் விதம். "டரோ நக்கோ."

தௌசிப் நிமிர்ந்து அவள் வாயைப் பார்த்தான். உதட்டைத் தொட்டான். அவள் மறுபடி சொன்னாள். விடாமல் பேசினாள். மரத்தைக் காட்டினாள், குரங்கைக் காட்டினாள், இவன் பிறந்த அன்று பெய்த மழையைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்லச் சொற்கள் வந்துகொண்டே இருந்தன. அழுதுகொண்டுதான் பேசுகிறோம் என்பது கண்டக்டர் தலையைத் திருப்பிக்கொண்டபோதுதான் தெரிந்தது.

அடுத்த வளைவில் மறுபடி இருட்டியது. தௌசிப் தன் கையை அவள் கன்னத்தில் வைத்தான்.

"டரோ நக்கோ ராசா," என்றான்.

குரல் தாழவில்லை. மூச்சு வாங்கவில்லை. அது ஒரு சின்னப் பையனின் கீச்சுக் குரல்.

பாயிஸா அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்த உலகத்தில் யாரும் அவனிடம் அதைச் சொல்லியிருக்க முடியாது. பாதி அவளுடையது, பாதி தைலம்மாவுடையது. ஒட்டியது அவன்.

மலர்விழிக்குப் போன் செய்யப் பார்த்தாள். சிக்னல் இல்லை.

*

வெள்ளிமலையில் இறங்கி, டீக்கடையில் கேட்டு, மரவள்ளிக் கொல்லை ஓரமாக நடந்தாள். வெயில் இருந்தும் காற்றில் குளிர். ஓட்டு வீட்டின் முன்னால் ஒரு இளம்பெண் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முளையில் கட்டிய இரண்டு ஆடுகள்.

"மணிமொழியா?"

"ஆமா. நீங்க?"

"கள்ளக்குறிச்சி. புளி மண்டி வூட்டு மருமவ."

மணிமொழி முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"மண்டிக்காரங்க வூட்டுப் பொம்பளைங்க மலை ஏறி இப்பத்தான் பாக்கறேன்," என்றாள். "பஸ்லயா வந்தீங்க? கார் ரிப்பேரா?"

"சொல்லாம வந்தேன்."

அதைக் கேட்டு மணிமொழி அவளைச் சரியாகப் பார்த்தாள். ஒரு பாயை எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். தௌசிப் பாயில் உட்காராமல் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவன் பேரு இன்னா?"

"தௌசிப்."

"ஓ, இவன்தானா. 'ஒரு புள்ள இருக்குது மணி, வாயே தெறக்க மாட்டேங்குது, நான்தான் பேசிக்கினே இருக்கறன்'னு அம்மா போன்ல சொல்லும். 'நீ இன்னாத்துக்கும்மா அதுங்கிட்ட கத்திக்கினு இருக்க'ன்னு கேப்பேன். 'யாராவது பேசணும் இல்ல'ன்னும்."

பாயிஸா தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு," என்றாள் மணிமொழி. "எனக்கு ஒண்ணு கேக்கணும். எங்கம்மாவக் குளிப்பாட்டினது நான்தான். உள்ளங்கை ரெண்டுலயும் துரு. தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தேன், ரேகைக்குள்ள போயிருந்துச்சு. வண்டியில படுத்துக்கினு வந்தவங்க கையில துரு எப்பிடி வரும்? உங்க வூட்டுக்காரருகிட்ட கேட்டேன். 'மலை ஏறும்போதே மூச்சு நின்னுடுச்சு'ன்னாரு. திரும்பக் கேட்டேன். திரும்பவும் அதயே சொன்னாரு."

மண்டிக் குடோனின் ஷட்டரைப் பாயிஸா நேற்றுப் பார்த்திருந்தாள். வெளிப்பக்கம் பச்சைப் பெயிண்ட். உள்பக்கத்துக்கு யாரும் பெயிண்ட் அடித்ததில்லை. முழுக்கத் துரு.

அந்த வெள்ளிக்கிழமை அவள் திருக்கோவிலூரில் இருந்தாள், அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு. வீட்டில் எல்லோருக்கும் சங்கராபுரத்தில் ஒரு கல்யாண விருந்து இருந்தது. ஜும்மா முடிந்து நேராகப் போவதாக ருக்ஷானா முந்தின நாளே போனில் சொல்லியிருந்தாள். தௌசிப்பைக் கூட்டிப் போவீங்களா என்று கேட்டதற்கு, "அவன் எதுக்கு, கூட்டத்துல கத்துவான்" என்றாள்.

"எப்பிடிச் செத்துச்சுன்னுகூட வேணாங்க," என்றாள் மணிமொழி. "தனியா செத்துச்சா? அது மட்டும் தெரியணும். தூக்கம் வரல."

அப்போது தௌசிப் ஆட்டின் கயிற்றைத் தொட்டான். குரல் தாழ்ந்தது. பாயிஸாவுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, வரப்போகிறது என்று.

"மணி," என்றான். மூச்சு வாங்கினான். "ஆட்ட மாத்திக் கட்டினியா?"

"கட்டிட்டேம்மா," என்றாள் மணிமொழி.

சொல்லி முடித்த பிறகுதான் யார் குரலுக்குப் பதில் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. முறத்தில் இருந்த சாமை மெல்லச் சரிந்து தரையில் கொட்டியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லு," என்றாள் தௌசிப்பிடம். "சாமி, இன்னொரு வாட்டி சொல்லு."

தௌசிப் சொல்லவில்லை. ஆட்டின் காதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மரவள்ளிக் கொல்லைக்கு அப்பால் ஒரு வண்டி வந்து நின்றது. மண்டியின் சின்ன லாரி. ஜுனைத் இறங்கி வேகமாக வந்தான். மணிமொழியைப் பார்த்ததும் வேகம் குறைந்தது.

"பாயிஸா, கெளம்பு. அத்தா காத்துக்கினு இருக்காரு."

பாயிஸா எழுந்து அவனிடம் போனாள். மணிமொழிக்குக் கேட்காத தூரத்தில் நின்றாள்.

"அன்னிக்கி தௌசிப் எங்க இருந்தான்?"

"வூட்ல."

"வூட்ல யார்கூட? எல்லாரும் சங்கராபுரத்துல இருந்தீங்க."

அவன் கையில் சாவிக்கொத்து இருந்தது. அதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். நெற்றியெல்லாம் வேர்வை. மலைக்காற்றில் யாருக்கும் அப்படி வேர்க்காது.

"அக்கா நான் பூட்டத் தெறப்பேன்னு நெனச்சா," என்றான் மெல்ல. "நான் அக்கா தெறந்துட்டான்னு நெனச்சேன்."

பாயிஸா அந்தச் சாவிக்கொத்தைப் பார்த்தாள்.

"வேணும்னு யாரும் பண்ணல பாயிஸா. வெளிய தெரிஞ்சா அத்தாவப் போலீஸ்ல கூட்டிக்கினு போயிடுவாங்க. இந்த வயசுல. அக்காவயும். மண்டிக்கு யாரு வேலைக்கு வருவாங்க?" அவன் குரல் உடைந்தது. "நீ ஒண்ணும் பேசாம வண்டியில ஏறு. தௌசிப்ப நாகப்பட்டினம் அனுப்பல. அத்தாகிட்ட நான் பேசறேன், அல்லா மேல ஆணையா. உன்கூடவே இருக்கட்டும். உன் பாஷையிலயே பேசிக்கோ, யாரும் கேக்க மாட்டாங்க. நீ பேசாம இருந்தாப் போதும்."

அவள் கேட்டது எல்லாம் அதில் இருந்தது. பிள்ளை, அவள் பாஷை, இரண்டும். காலையில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவள் அவன் காலில் விழுந்திருப்பாள்.

தௌசிப் ஆட்டை விட்டுவிட்டு வந்து அவள் புடவையைப் பிடித்தான். லாரியின் பின்கதவு சாத்தியிருந்தது. அதைப் பார்த்தான். உள்ளங்கையை உயர்த்தினான்.

இந்தக் குடும்பத்தில் இத்தனை நாளாக நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான் என்று பாயிஸா நினைத்தாள். பெரியவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டால் இவன் இன்னும் எத்தனை காலம் சொல்வான்?

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டை நோக்கித் திரும்பி நடந்தாள்.

"பாயிஸா," என்றான் ஜுனைத்.

மணிமொழி கொட்டிய சாமைக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாயிஸா அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்கம்மா வண்டியில சாவல மணி. எங்க குடோனுக்குள்ள செத்தாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளிய பூட்டுப் போட்டுட்டு எல்லாரும் விருந்துக்குப் போயிட்டாங்க. உள்ள இருந்து ஷட்டரத் தட்டியிருக்காங்க. தெறக்க ஆள் இல்ல. ஆனா தனியா சாவல. பேசத் தெரியாத என் புள்ள கூட இருந்தான்."